புலமையும் விண்ணப்பமும்

பல்கலைக்கழகத்திலோ பிற உயர்கல்வி நிலையத்திலோ பதவி நாடும் ஒருவர், தாம் கற்றவற்றையும் கற்பித்தவற்றையும் ஆராய்ந்து எழுதியவற்றையும் முறைப்படுத்திக் கூறும் குறிப்பினை இலங்கையிற் சுயவிபரக்கோவை என்று வழங்குவர். மேலைநாட்டார் அதனைக் கரிக்குலும் வீட்டே என்னும் இலத்தீன் தொடராற் குறிப்பர். வாழ்க்கையின் ஓட்டம் என்பது அத்தொடரின் பொருள். ஒருவர் இதுவரை வந்த வழி யாது, அவ்வழியில் அவர் ஈட்டியது யாது என்னும் இரண்டினையும், அவரை முன்பின் அறியாதார்க்கு அறிவிப்பதே அக்கோவையின் தொழில்.

யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் பட்டம் பெற்று வந்து, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தங்கிப் பதவி தேடும் இளைஞரும் நங்கையரும் பலர். காலி வீதியில் தட்டச்சும் நிழற்பிரதியும் செய்து கொடுக்கும் கடைகளில், பிறர் எழுதிய கோவை ஒன்றனை வாங்கிப் பெயரையும் ஆண்டையும் மாற்றித் தமதாக்கிக் கொள்வோரும் அவருள் உளர். இவ்வாறு இரவல் உடையணிந்து செல்லும் விண்ணப்பம் பெரும்பாலும் இரண்டு குற்றங்களுள் ஒன்றற்கு இரையாகின்றது. ஒன்று, அடக்கத்தின் பெயரால் உண்மைத் தகுதியை மறைத்தல். மற்றொன்று, ஆசையின் பெயரால் இல்லாத தகுதியை ஏற்றுதல். முன்னதனால் தகுதியுடையார் பதவியை இழப்பர். பின்னதனாற் பதவி பெற்றாரும் மதிப்பை இழப்பர்.

தன்னைத்தான் புகழ்தல் தகாது என்னும் எண்ணம் தமிழரிடை ஆழ வேரூன்றியது. அரிய நூல் இயற்றிய ஆசிரியனும் தற்புகழ்தல் கூடாதென்றே பவணந்தி முனிவர் 13 ஆம் நூற்றாண்டிலே தாம் செய்த நன்னூலின் பாயிரத்துட் கூறினார். ஆயின் அவர் அவ்வளவில் நின்றுவிடவில்லை. புலவர்க்குத் தம்மைப் புகழ்தல் தகும் இடங்கள் நான்கு என அடுத்தே வகுத்துரைத்தார். அரசனது அவைக்கு ஓலை விடுக்கும் பொழுது. தன் ஆற்றலை அறியாதார் நடுவே இருக்கும் பொழுது. அவையில் வாதஞ்செய்து வெல்ல வேண்டிய பொழுது. மாற்றான் தன்னைப் பழித்த பொழுது. இவையே அந்நான்கு.

இவற்றுள் முதலிரண்டும் இன்றைய விண்ணப்பதாரர்க்கு முழுதும் பொருந்துவன. பல்கலைக்கழகப் பதிவாளர்க்கு அனுப்பும் விண்ணப்பம் அவைக்கு விடுக்கும் ஓலையே. அதனைப் படிக்கும் தெரிவுக்குழுவினரோ விண்ணப்பதாரரின் ஆற்றலை அறியாதார். அக்குழுவில் அத்துறை வல்லுநர் மட்டுமன்றிப் பிற துறையினரும், பல்கலைக்கழகப் பேரவையின் சார்பில் வருவோரும் அமர்வர். சங்க இலக்கிய ஆய்வொன்றின் அருமையைக் கணக்கியல் அறிஞர் ஒருவர் தாமே உய்த்துணர்வார் என்று எதிர்பார்த்தல் ஆகாது. ஆகவே அவ்விடத்துத் தன் தகுதியை எடுத்துரைத்தல் தற்பெருமையன்று. அவைக்குச் செய்யும் கடமையாகும்.

எவ்வாறு எடுத்துரைப்பது என்பதே அடுத்த வினா. அதற்கும் நன்னூற் பாயிரமே வழிகாட்டும். ஒரு நூலின் சிறப்புப்பாயிரம், ஆக்கியோன் பெயர், அது வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டினையும் காட்டவேண்டும் என்பர். காலம், களம், காரணம் என்னும் மூன்றனையும் உடன் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வாரும் உண்டு. இவற்றுள் எதுவும் புகழ்மொழி அன்று. ஒவ்வொன்றும் பிறர் சரிபார்க்கத்தக்க செய்தி. சுயவிபரக்கோவையின் இலக்கணமும் இதுவே. ‘சிறந்த ஆய்வாளர், கடின உழைப்பாளி’ என்னும் அடைமொழிகளால் ஒரு பயனும் இல்லை. கட்டுரையின் தலைப்பு, அது வெளிவந்த சஞ்சிகை, ஆண்டு, தொகுதி, பக்கம், உடன் எழுதியோர் பெயர் ஆகியன ஐயமற இருப்பின், உழைப்பு யாதென்பதைப் படிப்போர் தாமே உணர்வர்.

வணிக நிலையத்துக்கு எழுதும் தன்விவரம் ஓரிரு பக்கத்துள் அடங்கவேண்டும். கல்வித்துறைக் கோவைக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை. புலமைப் பணி பெருகப் பெருக அதுவும் நீளும். நீளம் குற்றமன்று, ஒழுங்கின்மையே குற்றம். பெயரும் முகவரியும் முதலில் நிற்றல் வேண்டும். அடுத்துக் கல்வித் தகுதிகள், அண்மையது முன்னாகவும் பழையது பின்னாகவும் வருதல் நன்று. பட்டத்தின் பெயரோடு, வகுப்பு, பெற்ற ஆண்டு, ஆய்வேட்டின் தலைப்பு, மேற்பார்வை செய்த பேராசிரியர் பெயர் ஆகியன இடம்பெறல் வேண்டும். இலங்கையில் தகுதிகாண் விரிவுரையாளர் பதவிக்குச் சிறப்புப் பட்டத்தில் முதலாம் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ பெரிதும் வேண்டப்படுதலின், அதனைத் தேடவைத்தல் ஆகாது. பின்னர் வகித்த பதவிகள், வெளியீடுகள், கற்பித்த பாடங்கள், பெற்ற பரிசில்கள், ஆற்றிய பொதுப்பணி, மொழியறிவு என்பன முறையே அமையும். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கற்பித்தல் நடைபெறும் நாட்டில், எம்மொழியில் விரிவுரை நிகழ்த்த வல்லார் என்பதனைத் தெளிவாகக் கூறுதல் சாலப் பயன் தரும்.

கற்றவை பலவாயினும் அவற்றை ஒரு நோக்கின்கீழ்த் தொகுத்தல் அரிய கலை. சுவாமி விபுலாநந்தரின் கல்வி வரலாறு இதற்கு நல்ல சான்றாகும். 1892 இல் காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார், கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறினார். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். பின்னர்த் துறவு பூண்டார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியராகவும், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் அமர்ந்தார்.

இவ்வரலாற்றை மேலோட்டமாகப் படிப்பவர்க்குப் பௌதிகமும் பண்டிதமும் ஒன்றோடொன்று ஒட்டாத இரு பாதைகளாகவே தோன்றும். தமிழ்ப் பதவிக்கு விஞ்ஞானப் பட்டம் எதற்கு என்று அதனை நீக்கிவிட எண்ணுவோரும் இருக்கலாம். ஆனால் பண்டை யாழ்களின் அமைப்பையும் சுருதிகளின் அளவையும் கணித முறையால் ஆராய்ந்து அவர் இயற்றிய யாழ்நூல், 1947 இல் கரந்தைத் தமிழ்ச் சங்க வெளியீடாக வந்தபொழுது, அவ்விரு பாதைகளும் ஓரிடத்தே கூடின. கோவை எழுதுவோர் இதனாற் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. வேற்றுத் துறைக் கல்வியை மறைத்தல் வேண்டா. தாம் நாடும் பதவிக்கு அது எவ்வாறு துணைசெய்யும் என்பதை ஒரே வரியில் விளக்குதல் வேண்டும்.

நாடும் பதவி மாறின் கோவையின் ஒழுங்கும் மாறும். தனிநாயகம் அடிகளார் 1952 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கல்வித்துறை விரிவுரையாளரானார். 1961 இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைத் தலைமை ஏற்றார். உரோமாபுரியிற் பெற்ற இறையியற் கல்வி, அண்ணாமலையிற் பெற்ற தமிழ்க் கல்வி, இலண்டனிற் பெற்ற கல்வியியற் கலாநிதிப் பட்டம், ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கிலச் சஞ்சிகையின் ஆசிரியப்பணி ஆகிய அனைத்தும் ஒருவருடையனவே. கல்வித்துறைக்கு எழுதுங்கால் கற்பித்தல் முறை பற்றிய ஆய்வு முன்னிற்கும். இந்தியவியற்கு எழுதுங்கால் இலக்கிய ஆய்வும் சஞ்சிகைப் பணியும் முன்னிற்கும். செய்தி ஒன்றே, வரிசை மட்டும் வேறு. அவ்வரிசையைத் தீர்மானிப்பது எழுதுவோரின் விருப்பமன்று, படிப்போரின் தேவையே.

பெயர் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். தமிழர் தந்தையின் பெயரை முதலெழுத்தாக முன்வைப்பர். மேலைநாட்டார் இறுதிப்பெயரையே குடும்பப்பெயராகக் கொள்வர். ஆதலின் ஒருவரின் கட்டுரைகள் ஒரு பட்டியலில் தந்தை பெயரிலும் மற்றொன்றில் அவர்தம் பெயரிலும் சிதறிக் கிடத்தல் உண்டு. ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆண்டுக்கு ஒன்றாக மாறினும், திருமணத்தின் பின் ஒரு பெண்மணியின் பெயர் மாறினும் இதே துன்பம் நேரும். ஒரே எழுத்துக்கூட்டலை முதற் கட்டுரையிலிருந்தே கைக்கொள்ளுதல் இதற்கு மருந்து. 2012 இல் தொடங்கப்பெற்ற ஓர்க்கிட் என்னும் அமைப்பு, ஆய்வாளர் ஒவ்வொருவர்க்கும் 16 இலக்கங் கொண்ட அடையாள எண்ணை இலவசமாக வழங்குகின்றது. பெயர் மாறினும் அவ்வெண் மாறாது. இனி, ஆங்கிலக் கோவையில் தமிழ்க் கட்டுரையைக் குறிப்பிடுங்கால், தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்திற் பெயர்த்தெழுதி, அதன் பொருளையும் உடன் தருதல் முறை. பொருள் மட்டும் தரின் கட்டுரையைத் தேடிக் கண்டுபிடித்தல் இயலாது. எழுத்துப்பெயர்ப்பு மட்டும் தரின் தமிழறியார் ஒன்றும் அறியார்.

நிறுவனங்களின் பெயரும் மாறுவதுண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021 இல் வவுனியாப் பல்கலைக்கழகமாயிற்று. வளாகமாக இருந்த காலத்திற் பட்டம் பெற்றோர், பட்டச் சான்றிதழில் உள்ள பெயரையே எழுதி, இன்றைய பெயரை அடுத்துக் குறித்தல் தக்கது. சான்றிதழுக்கும் கோவைக்கும் இடையே ஓரெழுத்து வேற்றுமையும் வீண் ஐயத்தை விளைவிக்கும்.

இலங்கைத் தமிழர் கோவைகளிற் காணப்படும் மற்றொரு சிக்கல் இடைவெளி. 1995 இல் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த பேரிடப்பெயர்வும், 2009 வரை நீடித்த போரும் எத்தனையோ பேரின் கல்வியை இடைநிறுத்தின. சான்றிதழ்களை இழந்தோரும் பலர். அவ்வாண்டுகளை வெறுமையாக விட்டுவிடின் படிப்போர் தவறாக எண்ணக்கூடும். நீண்ட துயரக்கதையாக எழுதினும் இடமறியாச் செயலாகும். ‘இடப்பெயர்வினாற் கல்வி தடைப்பட்டது’ என ஆண்டுகளுடன் ஒரு வரி எழுதுதல் போதும். அது இரக்கம் வேண்டுவதன்று. உண்மையைப் பதிவு செய்வது. பொதுப் பரீட்சைப் பெறுபேறுகளின் சான்றுப் பிரதியைப் பரீட்சைத் திணைக்களத்தில் மீளவும் பெறலாம் ஆதலின், அதனை விண்ணப்பத்திற்கு முன்னரே பெற்றுவைத்தல் அறிவுடைமை.

நாட்டுக்கு நாடு வழக்கமும் வேறுபடும். இலங்கைப் பல்கலைக்கழகங்களின் விண்ணப்பப் படிவங்கள் பிறந்த தேதியையும் குடியுரிமையையும் கேட்கும். அரச சேவையில் இருப்போர் தம் நிறுவனத் தலைவர் ஊடாகவே விண்ணப்பித்தல் வேண்டும். இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் எழுதும் கோவையிலோ வயது, மதம், மணநிலை, நிழற்படம் ஆகியவற்றைச் சேர்ப்பது வழக்கமன்று.

சான்றுரைப்போரைத் தெரிதல் இறுதிப் பணி. பாயிரம் கூறத் தகுதியுடையார் யாவர் என்பதையும் நன்னூல் வகுத்துள்ளது. ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், தகுதிவாய்ந்த உரைகாரன் ஆகியோரே அவர். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனார், தொல்காப்பியரோடு ஒருங்கு கற்றவர் என்பது மரபு. செல்வரையோ அதிகாரியையோ அம்மரபு நாடவில்லை. நூலையும் நூலாசிரியனையும் நேரில் அறிந்தாரையே நாடியது. இன்றும் பெரும்பதவி வகிப்போர் ஒருவரின் பெயர், விண்ணப்பதாரரின் ஆய்வேட்டைப் பக்கம் பக்கமாகத் திருத்திய ஆசிரியரின் பெயருக்கு ஈடாகாது. அவர்தம் இசைவை முன்னரே பெறுதலும், கோவையின் பிரதி ஒன்றனை அவருக்கு அனுப்புதலும் மரியாதையாகும்.

இவை யாவற்றுக்கும் அடிப்படை வாய்மை. சஞ்சிகைக்கு அனுப்பிய கட்டுரை வேறு, ஏற்கப்பட்ட கட்டுரை வேறு, வெளிவந்த கட்டுரை வேறு. மூவர் சேர்ந்து எழுதியதை ஒருவர் தமதென்று கூறலாகாது. பணம் பெற்றுக்கொண்டு மதிப்பீடின்றி எதனையும் வெளியிடும் சஞ்சிகைகளிற் சேர்த்த எண்ணிக்கை கோவையை நீட்டுமேயன்றி உயர்த்தாது. ஒரு பொய் வெளிப்படின் ஏனைய உண்மைகளும் அதனோடு ஐயத்துக்கு ஆளாகும்.

இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிய 1942 ஆம் ஆண்டிலேயே கொழும்புத் தமிழ்ச் சங்கமும் தோன்றியது. வெள்ளவத்தையிலுள்ள அச்சங்கத்தின் நூல்நிலையத்திலே பலரும் இன்றும் அமர்ந்து படிக்கின்றனர். அங்ஙனம் கற்ற கல்வி பதிவாளரின் மேசையில் ஊமையாகக் கிடத்தல் தகாது. அவையறிந்து ஓலை விடுத்தல் முன்னோர் கண்ட நெறி. செய்தவற்றைக் குறையாமலும் கூட்டாமலும் வரிசைப்படுத்தி எழுதுவோர், அந்நெறியிலேயே நிற்கின்றனர்.