வாசல் தாண்டாத பன்னிரண்டு வாரங்கள்

சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் மூச்சுக்குழாய்கள் சுருங்கிப்போகின்றன. உள்ளே இழுத்த காற்றை முழுவதுமாக வெளியே விடுவதே பெரும்பாடாகிவிடும். புகைப்பழக்கமும் பல ஆண்டுகள் சுவாசித்த புகை, தூசியும் இதன் முக்கியக் காரணங்கள். மருந்து மூச்சிரைப்பைத் தணிக்கும். கெட்டுப்போன நுரையீரலை மீட்டுத் தராது. சாதாரணச் சளிக்காய்ச்சல்கூட இந்த நோயாளிகளை மருத்துவமனைப் படுக்கையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, பொது ஊரடங்கையும் மிஞ்சிய ஓர் அறிவுரையை இவர்களைப் போன்றவர்களுக்கென்றே பிரிட்டன் அரசு வெளியிட்டது.

'ஷீல்டிங்' என்று அதற்குப் பெயர். முற்றிய சி.ஓ.பி.டி., கடுமையான ஆஸ்துமா, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்களுக்கும், புற்றுநோயாளிகளில் பலருக்கும், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்களுக்கும் கடிதங்கள் போயின. அந்தக் கோடையில் இங்கிலாந்தில் மட்டும் இந்தப் பட்டியலில் ஏறத்தாழ 22 லட்சம் பேர் இருந்தார்கள். பன்னிரண்டு வாரங்கள் வாசலைத் தாண்டக்கூடாது, கடைக்கும் போகக்கூடாது. வீட்டுக்குள்ளேயும் மற்றவர்களிடமிருந்து இரண்டு மீட்டர் விலகியிருக்க வேண்டும்; முடிந்தால் தனிப் படுக்கை, தனித் துண்டு, தன் அறையிலேயே சாப்பாடு. பதிவு செய்துகொண்டவர்களுக்கு உணவுப் பெட்டிகள் வீடு தேடி வந்தன. இது சட்டமல்ல, அறிவுரைதான். ஆனால் உயிர் பயத்தில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

வீட்டுக்குள் அடைந்திருந்ததில் பலன் இல்லாமலில்லை. பல நாடுகளின் கொரோனா காலக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நோய் திடீரென மோசமாகி மருத்துவமனையில் சேர்ந்த சி.ஓ.பி.டி. நோயாளிகளின் எண்ணிக்கை முந்தைய ஆண்டுகளில் இருந்ததில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. கூட்டமும் நெரிசலும் இல்லாததால், ஃப்ளூவும் மற்ற சளித் தொற்றுகளும் பெருமளவு அடங்கிப்போயின. இன்ஹேலரைத் தவறாமல் எடுத்தவர்களும் கூடியிருக்கலாம். என்றாலும் இந்தக் குறைவு முழுவதையும் லாபக் கணக்கில் எழுதிவிட முடியாது. மருத்துவமனைக்குப் போனால் கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சி, திணறலை வீட்டிலேயே பொறுத்துக்கொண்டவர்களும் அதில் அடக்கம்.

கண்ணுக்குத் தெரியாத பெரிய நஷ்டம் கால்களில் நேர்ந்தது. மூச்சு வாங்குகிறதே என்று இந்த நோயாளி நடையைக் குறைப்பார். நடை குறைந்தால் தொடைத் தசை மெலியும். மெலிந்த தசை சிறு வேலைக்கும் அதிக ஆக்சிஜன் கேட்கும். அதனால் மூச்சு இன்னும் வாங்கும். இந்தச் சுழலை உடைக்கும் வழிதான் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி. ஆறு முதல் எட்டு வாரங்கள், வாரம் இருமுறை, பிசியோதெரபிஸ்ட் பார்த்துக்கொண்டிருக்கக் குழுவாக நடப்பதும் எடை தூக்குவதும் இதில் உண்டு. மூச்சிரைப்பைத் தணிப்பதில் இதற்கு ஈடான மருந்துகள் மிகக் குறைவு. கூட்டம் கூடக்கூடாது என்றதும் அந்த வகுப்புகளும் நின்றன. தொலைபேசியிலும் காணொளியிலும் தொடர முயன்றார்கள். இணைய வசதி இல்லாத முதியவருக்கு அது எட்டவில்லை. பன்னிரண்டு வாரங்கள் நாற்காலியிலும் படுக்கையிலுமாகக் கழித்தவர், வெளியே வரலாம் என்றபோது மாடிப்படி ஏறவே திணறினார்.

நோயைக் கண்டுபிடிப்பதும் தடைப்பட்டது. குழாயில் பலமாக ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையில் நோய்க்கிருமி காற்றில் பரவலாம் என்று அதைப் பெரும்பாலும் நிறுத்தி வைத்தார்கள். புதிதாக நோய் வந்தவர்களில் பலர் தங்களுக்கு என்னவென்று தெரியாமலேயே காத்திருந்தார்கள்.

முகக்கவசம் வேறு வகைச் சோதனை. பெரும்பாலான நோயாளிகளுக்கு அதனால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறிப்பிடும்படி குறைவதில்லை. ஆனாலும் மூச்சு முட்டுகிற உணர்வு உண்மையானது. கடுமையாகச் சிரமப்படுபவர்களுக்கு இங்கிலாந்தில் முகக்கவச விதியிலிருந்து விலக்கு இருந்தது. விலக்கு பெற்று வெறும் முகத்துடன் போனாலும் முறைப்பு. பல வருட இருமல் எழுந்தாலும் சுற்றியிருப்பவர்கள் விலகி ஓடினார்கள்.

பன்னிரண்டு வாரங்களையும் தாண்டி நீண்ட ஷீல்டிங்கை 2020 ஆகஸ்ட் 1இல் இங்கிலாந்தில் நிறுத்தி வைத்தார்கள். குளிர்காலத்தில் தொற்று ஏறியதும் மறுபடி வீட்டிலிருக்கச் சொன்னார்கள். 2021 பிப்ரவரி நடுப்பகுதிக்குள் பட்டியலில் இருந்தவர்களுக்குத் தடுப்பூசியின் முதல் தவணையைப் போட முன்னுரிமை கிடைத்தது. ஏப்ரல் 1 முதல் வெளியே வரலாம் என்றார்கள். செப்டம்பரில் திட்டமே முடிந்தது. மறுவாழ்வுப் பயிற்சிக்கான வரிசை மட்டும் அதற்குள் நீண்டுபோயிருந்தது.