உலகளாவிய ஆய்வியல் வகுப்பறை: மாணவர் கற்றல் அனுபவமும் நிற்கும் இடத்தை அறிதலும்

ஆய்வுச்சுருக்கம்

உலகளாவிய ஆய்வியல் 1990களின் இறுதி முதல் பல நாடுகளின் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்பாகவும் விருப்பப் பாடமாகவும் கற்பிக்கப்பட்டு வருகின்றது. தொலைவிலுள்ள உலகைப் பற்றி அறியும் எண்ணத்துடன் வகுப்புக்குள் நுழையும் மாணவர், தாம் நிற்கும் இடத்தையே ஆராய வேண்டிய நிலைக்கு உள்ளாகின்றார். இந்த அனுபவம் எவ்வாறு நிகழ்கின்றது, அது ஏன் எல்லா மாணவர்க்கும் ஒன்றாக அமைவதில்லை, பாடத்திட்டம் அதனை எவ்வாறு எதிர்கொள்ளலாம் என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது. ஆடை வணிகச் சங்கிலியைப் பின்தொடரும் வகுப்பறைப் பயிற்சியும் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலும் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: உலகளாவிய ஆய்வியல், உலகமயமாக்கல், உலகக் குடிமை, கற்றல் அனுபவம், பாடவடிவமைப்பு, திருப்பூர்.

முன்னுரை

2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11 தாக்குதல்கள் நிகழ்ந்த சில வாரங்களில், அமெரிக்காவில் அரசியல் கோட்பாடு கற்பித்துவந்த மேன்ஃபிரட் ஸ்டெகரிடம் வரலாறு பயிலும் மாணவர் ஒருவர் ஓர் ஐயம் எழுப்பினார். நவீனத்தை வெறுத்து மலைக்குகையிலிருந்து பேசும் ஒரு மதத் தீவிரவாதியின் தொலைக்காட்சி உருவம் உலகமயமாக்கலின் இயல்பை எவ்வாறு காட்டக்கூடும் என்பதே அந்த ஐயம். 2003இல் வெளிவந்த உலகமயமாக்கல் குறித்த தம் சிறுநூலை ஸ்டெகர் இந்நிகழ்விலிருந்தே தொடங்குகின்றார். பின் லாடனின் அந்தக் காணொலியில் மரபுடையோடு நவீன இராணுவ உடையும், உருசிய வழித் துப்பாக்கியும், டைமெக்ஸ் கைக்கடிகாரமும் காணப்பட்டன. கத்தார் நாட்டுத் தொலைக்காட்சி நிறுவனமொன்றின் வழியாக அது உலகெங்கும் பரவியது. உலகமயமாக்கலுக்கு எதிரானது என்று மாணவர் கருதிய உருவமே அதன் விளைபொருளாக அவர் முன் நின்றது.

உலகளாவிய ஆய்வியல் வகுப்பின் தொடக்க அனுபவம் பெரும்பாலும் இத்தகையதே. ‘இங்கு’ என்றும் ‘அங்கு’ என்றும் மாணவர் பிரித்து வைத்திருந்த எல்லை கலைகின்றது. அவ்வாறு கலைந்த பின்னர் மாணவருக்கு நேர்வது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துறையின் இயல்பு

உலகளாவிய ஆய்வியலைப் பன்னாட்டு உறவுகள் என்னும் துறையோடு ஒன்றாகக் கருதுவது பொருந்தாது. பன்னாட்டு உறவுகள் அரசுகளையும் அவற்றுக்கிடையேயான போர், உடன்படிக்கை, தூதுறவு ஆகியவற்றையும் மையமாகக் கொள்கின்றது. வட்டார ஆய்வியல் தென்னாசியா, இலத்தீன் அமெரிக்கா என ஒரு நிலப்பகுதியை எடுத்துக்கொண்டு அதன் மொழி, வரலாறு, சமயம் ஆகியவற்றை ஆழ்ந்து கற்கின்றது. உலகளாவிய ஆய்வியலோ நாட்டெல்லைகளைக் கடந்து செல்லும் பணம், பண்டம், தொழிலாளர், நோய், சமயம், செய்தி ஆகியவற்றின் ஓட்டங்களைத் தன் ஆய்வுப்பொருளாக்குகின்றது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் இத்துறையை உருவாக்கியவர்களுள் ஒருவரான மார்க் யுர்கன்ஸ்மேயர், நாடு கடந்த நோக்கு, பல்துறை இணைவு, நிகழ்காலத்தோடு கடந்தகாலத்தையும் இணைத்துக் காணுதல், காலனியத்தை வினவும் திறனாய்வுப் பார்வை, உலகப் பொறுப்புணர்வு என்பனவற்றை இதன் இயல்புகளாகச் சுட்டுவார். இவற்றுள் முதல் நான்கும் அறிவு சார்ந்தவை. இறுதியிலுள்ள பொறுப்புணர்வு மாணவரின் மனத்தையும் நடத்தையையும் நோக்கியது. ஒரு பாடம் அறிவோடு நில்லாமல் பொறுப்பையும் கோரும்போது, மாணவரின் உணர்வு பாடத்தின் புறத்தே நிற்பதற்கில்லை.

வகுப்பறைப் பயிற்சியும் கலக்கமும்

இத்துறை வகுப்புகளில் ஒரு பண்டத்தைப் பின்தொடரும் பயிற்சி பரவலாக அளிக்கப்படுகின்றது. காப்பி, கைப்பேசி, ஆடை என ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து, அது தம் கைக்கு வந்த வழியை மாணவர் வரைய வேண்டும். இதற்குத் துணையாகும் நூல்களுள் ஒன்று, பியத்ரா ரிவோலி 2005இல் வெளியிட்ட டி-சர்ட்டின் பயணம் பற்றிய நூல். 1999இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த போராட்டத்தில், நீங்கள் அணிந்திருக்கும் ஆடையைத் தைத்தவர் யார் என்று ஒரு மாணவி கூட்டத்தை நோக்கிக் கேட்டார். அங்குப் பேராசிரியராக இருந்த பொருளியலாளர் ரிவோலி, அவ்வினாவுக்கு விடை தேடி டெக்சாஸ் பருத்தி வயலிலிருந்து சீனத் தொழிற்சாலை வழியாகத் தான்சானியாவின் பழந்துணிச் சந்தை வரை ஓர் ஆடையின் வழியைத் தொடர்ந்தார். ஒரு மாணவியின் வினா ஆசிரியரைக் கற்கச் செய்தது என்பது கருதத்தக்கது.

இப்பயிற்சியில் ஈடுபடும் மாணவர், தாம் நாள்தோறும் அணியும் ஆடையில் அறியாத பலரின் உழைப்பு உள்ளதை உணர்கின்றார். இவ்வுணர்வைத் தொடர்ந்து கலக்கம் எழுகின்றது. கற்றல் மாற்றத்தைக் குறித்து 1970களில் எழுதத் தொடங்கிய ஜாக் மெசிரோ, பழைய புரிதல் பயன்படாமற்போகும் குழப்ப நிலையே ஆழ்ந்த கற்றலின் தொடக்கம் என்றார். மேகன் போலர் 1999இல், இத்தகைய மனவசதிக்குறைவைத் தவிர்க்காமல் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து எதிர்கொள்ள வேண்டும் என்னும் கற்பித்தல் முறையை முன்வைத்தார்.

எனினும், கலக்கம் தானாகவே அறிவாகிவிடுவதில்லை. அது இருவகையில் திசைமாறக்கூடும். ஒன்று, சிக்கல் மிகப் பெரியது, என்னால் ஆவது ஒன்றுமில்லை என்னும் சோர்வு. மற்றொன்று, ஏழை நாடுகளுக்கு உதவப் புறப்படும் அவசர இரக்கம். பிரேசில் நாட்டுக் கல்வியாளர் வனெசா ஆண்ட்ரியோட்டி 2006இல் எழுதிய கட்டுரையில், உலகக் குடிமைக் கல்வியை மென்மையானது, திறனாய்வுத் தன்மையது என இரண்டாகப் பகுத்தார். முன்னது வறுமையை உதவியின்மையாகக் காண்கின்றது. பின்னது அதனை நீதியின்மையாகக் கண்டு, அதில் தன் பங்கு யாது என்று வினவுகின்றது. மென்மையான கல்வி பெற்ற மாணவர், தாம் உயர்ந்தவர் என்னும் எண்ணம் சிறிதும் குலையாமலே வகுப்பைவிட்டு வெளியேறலாம் என்பதே ஆண்ட்ரியோட்டியின் எச்சரிக்கையின் சாரம்.

மாணவர் தரப்பிலிருந்தும் இக்குறை சுட்டப்பட்டுள்ளது. டாலியா செமக்-பெர்சின் என்னும் அமெரிக்கர், தம் வெளிநாட்டுப் பயில்பருவ அனுபவத்தை முன்வைத்து 2008இல் எழுதிய கட்டுரையில், அமெரிக்க மாணவர்கள் அயல்நாட்டில் சில மாதங்கள் வாழ்வதால் உலகக் குடிமக்களாகிவிடுவதில்லை என்று வாதிட்டார். எல்லைகளை எளிதில் கடக்க உதவும் கடவுச்சீட்டும் பொருள் வசதியும் தமக்கு இருந்தன. தம்மோடு பழகியவர்க்கு அவை இல்லை. அவ்வேறுபாட்டைப் பேசுவதற்குப் பாடத்திட்டம் இடந்தரவில்லை என்பதே அவர் கண்ட குறையாகும்.

ஆடையின் மறுமுனையில் இருக்கும் மாணவர்

மேற்கண்ட விவாதங்கள் அனைத்தும் ஆடையை வாங்குபவரின் நிலையிலிருந்தே எழுந்தவை. அதே பயிற்சி, ஆடையைத் தைக்கும் ஊரைச் சார்ந்த மாணவருக்கு அளிக்கப்படும்போது அனுபவம் வேறுபடுகின்றது. இக்கட்டுரையாளர் முதுகலை பயின்ற காலத்தில், உலகமயமாக்கல் குறித்த விருப்பப் பாட வகுப்பொன்றில், அணிந்துள்ள ஆடையின் அடையாளச் சீட்டைப் படித்து அது தைக்கப்பட்ட நாட்டைக் கண்டறியுமாறு ஆசிரியர் பணித்தார். உடன் பயின்ற இரு மாணவியர் தமக்குள் சிரித்துக்கொண்டனர். அவர்கள் கோடை விடுமுறைகளில் திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் செக்கிங், பேக்கிங் பிரிவுகளில் ஒன்றரை ஷிப்ட் வேலை பார்த்தவர்கள். அத்தகைய சீட்டுகளை ஆயிரக்கணக்கில் கையாண்டவர்கள். பயிற்சி அவர்களை வாங்குபவராக மட்டுமே கருதியது. அவர்கள் அறிந்திருந்ததைக் கேட்பதற்கு அப்பயிற்சியில் ஒரு வினாவும் இல்லை.

அவ்வாறு கேட்டிருப்பின் துறைக்கே பயன் விளைந்திருக்கும். பண்டத்தைப் பின்தொடரும் முறை, பண்டம் செல்லும் வழியிலுள்ளவர்களை மட்டுமே காட்டும். நொய்யல் ஆற்றங்கரை உழவர் அந்த ஆடையைத் தொட்டவரல்லர். ஆனால், துணிக்குச் சாயமேற்றிய நீர் அவர் கிணற்றையும் வயலையும் அடைந்தது. பாசனத்திற்கெனக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்களின் நீண்ட சட்டப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீர் ஒருதுளியும் வெளியேறாத நிலையை எய்தாமையே அதற்குக் காரணம். ஆடைச் சீட்டில் இந்த உழவருக்கு இடமில்லை. அவரைச் சங்கிலிக்குள் கொண்டுவர, அந்த ஊரை அறிந்த மாணவரின் கண் வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்மையே. ஊரறிவு மட்டும் போதுமானதன்று. 1974 முதல் நடைமுறையிலிருந்த பன்னாட்டு இழை ஒப்பந்தத்தின் வழிவந்த ஏற்றுமதிப் பங்கீட்டு முறை 2005 ஜனவரி 1 அன்று முடிவுக்கு வந்தது. அதுவரை ஒவ்வொரு நாடும் எவ்வளவு ஆடை அனுப்பலாம் என்பதற்கு அளவு இருந்தது. அது நீங்கியபின் திருப்பூர், சீனத்தோடும் வங்கதேசத்தோடும் நேரடிப் போட்டிக்கு உள்ளாயிற்று. ஆர்டர் குறைந்ததையும் வேலை நேரம் கூடியதையும் செக்கிங் மேசையிலிருந்து காணலாம். அவற்றின் காரணங்களுள் ஒன்று தொலைநாட்டு வணிக மேசையில் முடிவான ஒப்பந்தம் என்பதை அங்கிருந்து காண இயலாது. அதனைக் காட்டுவதே உலகளாவிய ஆய்வியலின் பணி. ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட திருப்பூர் பற்றிய ஆய்வுநூல், உழவுத் தொழிலாளராக இருந்தோர் ஆலை உரிமையாளராக உயர்ந்த ஊர் வரலாற்றையும் உலகச் சந்தையையும் ஒருசேரக் காண இயலும் என்பதற்குச் சான்றாகும்.

இடம்பெயரும் வகுப்பறை

மாணவர் நிற்கும் இடத்தைப் பாடத்திட்டத்திற்குள் கொண்டுவர முயன்ற படிப்புகளும் உள. ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழகம் 2002இல் தொடங்கிய முதுகலைப் படிப்பு அவற்றுள் ஒன்று. கேப்டவுன் பல்கலைக்கழகம், புதுதில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம், புவெனஸ் அயர்ஸ் நகரின் ஃபிளாக்சோ, பாங்காக் நகரின் சுலாலாங்கார்ன் பல்கலைக்கழகம் ஆகியன இதில் பங்கேற்றுள்ளன. ஈராண்டுக் காலத்தில் மாணவர் குழு வெவ்வேறு கண்டங்களிலுள்ள வளாகங்களில் தங்கிப் பயிலும்.

இவ்வமைப்பில் தில்லியில் விருந்தோம்புபவராக இருக்கும் இந்திய மாணவர், கேப்டவுனில் விருந்தினராகின்றார். ஃபிரைபர்க்கில் தம் நாட்டின் சார்பாக விடை கூறுமாறு எதிர்பார்க்கப்படுபவர், வேறிடத்தில் தாமே வினவுபவராகின்றார். காலனியம் என்னும் சொல்லும் இடத்திற்கேற்ப எடை மாறுகின்றது. கேப்டவுன் வளாகத்தில் 2015 ஏப்ரலில், மாணவர் போராட்டத்தின் விளைவாகச் செசில் ரோட்ஸின் சிலை அகற்றப்பட்டது. பிற இடங்களில் பாடநூல் அத்தியாயமாக இருக்கும் பொருள், அங்கு மாணவர் நாள்தோறும் நடந்து செல்லும் படிக்கட்டின் வழக்காக இருந்தது.

ஆயினும், இத்தகைய படிப்புக்குரிய செலவும் ஆங்கிலப் புலமையும் விசாவும் எல்லார்க்கும் வாய்ப்பனவல்ல. தமிழ்வழியில் பயின்று அரசுக் கல்லூரிக்கு வரும் முதல் தலைமுறை மாணவருக்கு இடம்பெயரும் வகுப்பறை எட்டாக்கனியே. எனவே, வகுப்பறை இடம்பெயராமலே நிற்குமிடங்களை மாற்றிக்காணும் வழிகளைத் தேட வேண்டியுள்ளது.

பாடவடிவமைப்புக்குச் சில கருத்துகள்

விருப்பப் பாடமாக இத்துறையை வடிவமைப்போர் கருதத்தக்கன மூன்று. முதலாவது, மாணவரின் முன்னறிவைப் பாடத்தின் தொடக்கத்திலேயே கேட்டறிதல். வளைகுடா நாட்டில் வேலைபார்க்கும் தந்தை, மீன்பிடி எல்லைச் சிக்கலை அறிந்த குடும்பம், பவர்டேபிள் நடத்தும் உறவினர் என ஒவ்வொரு வகுப்பிலும் உலகளாவிய அனுபவம் அமர்ந்திருக்கின்றது. அதனைச் சொந்தக் கதையாக ஒதுக்காமல் தரவாகக் கொள்ளுதல் வேண்டும். வீட்டுநிலையை வெளிப்படுத்தக் கூசும் மாணவரைக் கட்டாயப்படுத்தலும் கூடாது.

இரண்டாவது, வினாவின் அளவை வரையறுத்தல். உலக வறுமையை ஒழிப்பது எப்படி என்னும் வினா சோர்வையே தரும். ஒரு டி-சர்ட்டுக்குச் சாயமேற்றிய நீரைத் தூய்மை செய்யும் செலவை ஏற்க வேண்டியவர் அயல்நாட்டு வணிகரா, பட்டறை உரிமையாளரா, அரசா என்னும் வினா ஆவணங்களைத் தேடச் செய்யும், விவாதிக்கச் செய்யும். கலக்கம் ஆய்வாக மாறும் இடம் இதுவே.

மூன்றாவது, மொழி. இத்துறையின் கலைச்சொற்கள் ஆங்கிலத்திலேயே புழங்குவதால், பொருளை நன்கறிந்த மாணவரும் வகுப்பில் வாய் திறவாதிருக்க நேர்கின்றது. வினாவையாவது தமிழில் கேட்கவும் தேர்வுக்கட்டுரையைத் தமிழில் எழுதவும் இடமளித்தல், துறைக்குப் புதிய தரவுகளைக் கொண்டுவரும் வழியுமாகும்.

முடிவுரை

உலகளாவிய நோக்கைப் பற்றிப் பேசும் தமிழ் மேடைகளில் கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்று 192ஆம் பாடல் தவறாது எடுத்தாளப்படும். பெரும்பாலும் அதன் முதலடியோடு பேச்சு நின்றுவிடுகின்றது. அப்பாடல் மேலும் சென்று, பெரியோரை வியத்தலும் இல்லை, சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை என்னும் கருத்தில் முடிகின்றது. முதலடி உலகை உறவாகக் காண்கின்றது. இறுதி அடி, அவ்வுறவில் ஒருவர் எந்நிலையில் நின்று மற்றவரைப் பார்க்க வேண்டும் என்பதைக் கூறுகின்றது. உலகளாவிய ஆய்வியல் மாணவருக்கு இரண்டும் தேவை. ஆடையை வாங்குபவராக மட்டும் தம்மைக் காணும் மாணவருக்குத் தைப்பவர் இரக்கத்திற்குரியவராகத் தோன்றுவர். தைத்த கையுடன் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவருக்கோ, தாம் அறிந்தது அறிவே அன்று என்னும் எண்ணம் தோன்றும். இவ்விரு மயக்கங்களையும் களையும் வகுப்பே இத்துறையின் நோக்கத்தை நிறைவேற்றும். அதற்குரிய முதற்படி, சீட்டில் எழுதியிருப்பது யாது என்று கேட்பதோடு நில்லாமல், அதனைப் பற்றி உமக்கு முன்பே தெரிந்தது யாது என்று மாணவரை நோக்கிக் கேட்பதாகும்.