டிக்கெட் விலை மட்டுமா செலவு?

பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில் பிடதி இருக்கிறது. அங்கே 2005-ஆம் ஆண்டு 'வொண்டர்லா' என்ற பெரிய பொழுதுபோக்குப் பூங்காவைத் திறந்தார்கள். ராட்டினம் உண்டு. அலையடிக்கும் குளம் உண்டு. பிள்ளைகள் கேட்டால் மறுக்க மனம் வராது.

இப்படிப்பட்ட பூங்காவுக்குப் போகும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு டிக்கெட் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதற்குமேல் ஜி.எஸ்.டி. வரி உண்டு. 2017-இல் அது 28 சதவீதம். 2018 ஜனவரியில் 18 சதவீதமாகக் குறைத்தார்கள். குறைத்த பிறகும் ஒரு டிக்கெட்டுக்கு வரி 180 ரூபாய். நான்கு பேருக்கு மொத்தம் 4,720 ரூபாய்.

இது வாசல் வரைக்கும்தான். பஸ் செலவு தனி. பல பூங்காக்களில் வெளிச் சாப்பாட்டை விடமாட்டார்கள். விடியற்காலையில் எழுந்து கட்டிய புளிச்சோறு வாசலிலேயே நின்றுவிடும். உள்ளே விற்பதைத்தான் வாங்க வேண்டும்.

பிள்ளைகளுக்குக் குறைந்த டிக்கெட் உண்டே என்பீர்கள். பல இடங்களில் வயதைக் கேட்பதில்லை, உயரத்தை அளக்கிறார்கள். பிள்ளை நெட்டையாக வளர்ந்திருந்தால் முழு டிக்கெட்தான்.

ஞாயிற்றுக்கிழமையைவிட வார நாளில் பெரும்பாலும் விலை குறைவு. ஆனால் தினக்கூலிக்குப் போகிறவருக்கு அன்றைய கூலி போய்விடுமே! அதையும் கணக்கில் சேருங்கள்.

பெங்களூர் நகருக்குள்ளேயே கப்பன் பூங்கா இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது.  அலைக்குளம்தான் இல்லை. அதைப் பிள்ளைகள் கட்டாயம் சொல்லிக் காட்டுவார்கள்.