தகுதியும் வழக்கும்: சிங்கப்பூர் வகுப்பறையில் பேச்சுத்தமிழ்

தமிழ் இரட்டை வழக்குடைய மொழி. எழுத்து வழக்கு பள்ளியில் கற்கப்படுவது. பேச்சு வழக்கு கற்பிக்காமலே வருவது என்று தமிழகத்தில் கொள்ளலாம். வீட்டில் ஆங்கிலம் பேசி வளரும் சிங்கப்பூர்க் குழந்தையிடம் அவ்வாறு கொள்ள இயலாது. எனவே, பேச்சு வழக்கு எங்கே தகும் என்னும் வினா அங்குப் பாடத்திட்ட வினாவாயிற்று.

சிங்கப்பூரின் நான்கு ஆட்சி மொழிகளுள் தமிழும் ஒன்று. ஆயினும் பிற பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. தமிழ் வகுப்பின் உரையாடலும் எழுத்து வழக்கிலேயே அமைந்தால், மாணவர் தம் பாட்டியிடம் 'நீங்கள் எங்கே செல்கின்றீர்கள்?' என்றுதான் வினவ இயலும். பிழையற்ற தொடர், எனினும் கேட்பவர் நகைப்பர். அடுத்த முறை மாணவர் ஆங்கிலத்தில் பேசிவிடுவார். தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு 2005ஆம் ஆண்டில் பேச்சுத்தமிழைக் கற்பிக்கப் பரிந்துரைத்ததை இந்நிலையோடு இணைத்தே நோக்க வேண்டும்.

எந்தப் பேச்சு? 'அவங்க வந்தாங்க' என்பாரும் உளர். 'அவுக வந்தாக' என்பாரும் உளர். வகுப்பறைக்குக் கொள்ளப்பட்டது, பல வட்டாரத்துக் கற்றோர் தமக்குள் பேசும்போது வழங்கும் பொதுவடிவம். இதனைக் கொச்சை என ஒதுக்குவோர் இதன் ஒழுங்கை நோக்குவதில்லை. 'இடம்' பேச்சில் 'எடம்' ஆகிறது. 'இடி' 'எடி' ஆவதில்லை. 'உடம்பு' 'ஒடம்பு' ஆகிறது; 'உறி' 'ஒறி' ஆவதில்லை. அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வரும்போதே இம்மாற்றம் நிகழ்கிறது. விதியுடைய ஒன்றை விதிமீறல் எனல் பொருந்தாது.

நன்னூல் வழக்கினை இயல்பு, தகுதி எனப் பகுக்கிறது. தஞ்சாவூர் 'தஞ்சை' எனத் திரிந்து வழங்கும் மரூஉ, அங்கு இயல்பு வழக்கின்பாற்படும். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி ஆகியன தகுதி வழக்கு. இன்றைய பேச்சுத்தமிழை நன்னூலார் கருதியிருக்க இயலாது. ஆயினும் தகுதி என்பது கேட்போரையும் சூழலையும் நோக்கியது என்னும் கருத்து இங்கும் பயன்படும். கட்டுரை, செய்தி, அறிவிப்பு ஆகியவற்றுக்கு எழுத்து வழக்கும், உரையாடலுக்கும் நடிப்புக்கும் பேச்சு வழக்கும் உரியன என்பதில் ஐயமில்லை. மேடைப் பேச்சாளர் இடையே ஒரு நகைச்சுவைக்காகப் பேச்சு வழக்குக்கு 'இறங்குகிறார்' என்கிறோம். அச்சொல்லிலேயே நம் மதிப்பீடு ஒளிந்துள்ளது.

இடர்ப்பாடு கலப்பில் உள்ளது. 'நாங்க நேத்து நூலகத்திற்குச் சென்றோம்' என்று மாணவர் கூறினால் எதனைத் திருத்துவது? 'நூலகம்' பேச்சிலும் வழங்கத்தக்கதே. திருத்தம் வேண்டுவன வேற்றுமை உருபும் வினையுமே: 'நூலகத்துக்குப் போனோம்'. இவ்வேறுபாட்டை அறியாத ஆசிரியர் தொடர் முழுவதையும் எழுத்து வழக்குக்கு மாற்றுவார். வாய்மொழித் தேர்விலும் அதற்கே கூடுதல் மதிப்பெண் அளிப்பார். மதிப்பெண் எவ்வழக்குக்குக் கிடைக்கிறதோ அவ்வழக்கையே மாணவர் பயில்வர். பாடத்திட்டம் வேறு கூறினும் பயனில்லை.