சொடக்கு பந்தின் கணக்கு

சென்னையின் பாலவாக்கம் கடற்கரையில் கிரிக்கெட் ஆட, முதலில் மணலைப் படிக்கத் தெரிய வேண்டும். காய்ந்த மணலில் டென்னிஸ் பந்து எழும்பாது, விழுந்த இடத்திலேயே செத்துவிடும். அலை நனைத்துவிட்டுப் போன இறுகிய மணல்தான் பிட்ச். ஓ.எம்.ஆர். பக்கத்துக் கல்லூரிப் பையன்கள் அணி பிரித்து இறங்கினால், நடுவிரலை மடக்கிப் பந்தைச் சொடக்கிவிடும் ஒருவன் கட்டாயம் இருப்பான். மணிக்கட்டு திரும்பாது, கையில் எந்த ஜாடையும் தெரியாது. பந்து மட்டும் எதிர்பாராத பக்கம் திரும்பும்.

ரவிச்சந்திரன் அஸ்வின் இந்தச் ‘சொடக்கு பால்’ வித்தையைச் சென்னைத் தெருக்களின் டென்னிஸ் பந்து ஆட்டத்தில்தான் பிடித்துக்கொண்டார். எஸ்.எஸ்.என். கல்லூரியில் பொறியியல் படித்த அவர், பிற்பாடு 106 டெஸ்ட்களில் 537 விக்கெட் எடுத்தார். இந்தச் சொடக்கு பாலுக்கு உலகம் வைத்த பெயர் கேரம் பால். 2008 ஆசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இலங்கையின் அஜந்தா மெண்டிஸ் 13 ரன்னுக்கு 6 இந்திய விக்கெட்டுகளைச் சாய்த்தபோது அந்தப் பெயர் எல்லார் வாயிலும் புகுந்தது. இவர்களுக்கெல்லாம் மூத்தவர் ஆஸ்திரேலியாவின் ஜாக் ஐவர்சன். இரண்டாம் உலகப் போரின்போது நியூ கினியில் பிங்பாங் பந்தை விரலால் சொடக்கிப் பழகியவர், 1950-51இல் இங்கிலாந்துக்கு எதிராக 21 விக்கெட் எடுத்தார்.

ஒருவருக்குப் பிங்பாங் பந்து, இன்னொருவருக்கு டென்னிஸ் பந்து. இந்த ஒற்றுமை தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

விரலிலிருந்து தொடங்குவோம். 2021இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் சாத் பாம்லாவின் குழு, விரல் சொடக்குவதை அதிவேகக் கேமராவில் படம் பிடித்தது. சொடக்கு முடிய ஆகும் நேரம் 7 மில்லி வினாடி. கண் இமைக்கவே சுமார் 150 ஆகும்! தசையால் நேரடியாக இவ்வளவு வேகம் தர முடியாது. அது மெதுவாக இழுத்துத் தசைநாண்களில் விசையைச் சேர்த்துவைக்கிறது. கட்டைவிரலின் உராய்வு அதைப் பூட்டி வைக்கிறது. பூட்டு வழுக்கியதும், நாணேற்றிய வில்லைப் போல எல்லாம் ஒரே கணத்தில் விடுபடுகிறது. வழுக்கும் உறையை விரலில் மாட்டிப் பார்த்தார்கள், விசை சேரவில்லை. ரப்பர் உறை மாட்டினார்கள், சேர்ந்த விசை உராய்விலேயே வீணானது. வெறும் தோல்தான் சரியான நடுப்பதம். இது வெறும் சொடக்கைப் பற்றிய ஆய்வு; பந்து வீச்சைப் பற்றியதல்ல. ஆனாலும் மடங்கிய நடுவிரல் பந்தின்மேல் அழுந்திச் சட்டென்று விடுபடும்போது வேலை செய்வது இதே தத்துவம்தான்.

அடுத்தது பந்து. டென்னிஸ் பந்து சுமார் 58 கிராம், கிரிக்கெட் பந்து சுமார் 160. எடை கிட்டத்தட்ட மூன்று மடங்கு. சுழற்றும் சிரமமும் மூன்று மடங்கா? இல்லை, ஏறக்குறைய இரண்டு மடங்குதான். டென்னிஸ் பந்து உள்ளே வெற்று. அதன் எடை முழுவதும் ஓட்டிலேயே இருக்கிறது, மையத்திலிருந்து தள்ளியிருக்கும் எடையைச் சுழற்றத்தான் அதிக முயற்சி வேண்டும். அப்படிப் பார்த்தும், ஒரே சொடக்குக்கு டென்னிஸ் பந்து இரண்டு மடங்கு வேகமாகச் சுழல வாய்ப்பிருக்கிறது. மூன்று கிராம்கூட இல்லாத பிங்பாங் பந்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சுழலும் பந்து தன்னை ஒட்டிய காற்றை ஒரு பக்கமாகத் திருப்பிவிடுகிறது. காற்று பதிலுக்குப் பந்தை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. சாய்த்து அடித்த டென்னிஸ் பந்து வளைவதை நியூட்டன் 1672இலேயே குறித்திருக்கிறார். ஆனால் 1852இல் ஆராய்ந்த ஜெர்மானியர் மேக்னஸின் பெயர்தான் இந்த விளைவுக்கு நிலைத்தது. பேஸ்பால் வளைவது கண்ணின் மாயையா என்று அமெரிக்காவில் வெகுகாலம் சண்டை நடந்தது. இயற்பியலாளர் லைமன் பிரிக்ஸ் 1959இல் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து, 60 அடித் தூரத்தில் 17.5 அங்குலம்வரை விலகும் என்று காட்டினார். பேஸ்பால் எடை சுமார் 145 கிராம். அதே தள்ளல் 58 கிராம் பந்தின்மேல் விழுந்தால் வளைவு எவ்வளவு கூடும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

அதனால்தான் இலேசான பந்தில் இந்த வித்தையை யாரும் கண்டுபிடித்துவிட முடிகிறது. அரைகுறைச் சொடக்குக்கும் பந்து உடனே பதில் சொல்கிறது, பையனும் விடாமல் முயல்கிறான். அதே அரைகுறைச் சொடக்கைத் தோல் பந்தில் செய்தால் ஒன்றும் நடக்காது, இரண்டு நாளில் கைவிட்டுவிடுவான். அஸ்வினுக்குக் கடினமாக இருந்திருக்கக்கூடியது தெருவில் கற்ற பகுதி அல்ல. அதைக் கனமான பந்துக்கு மாற்றிய பகுதிதான்.

கடற்கரையில் சொடக்கு பந்துக்கு ஒரு முட்டுக்கட்டையும் உண்டு. கடலுக்குள் அடித்தால் அவுட் என்று பல இடங்களில் விதி வைத்திருப்பார்கள், என்றாலும் யாராவது அடித்துவிடுவார்கள். உப்புநீரில் ஊறிய பந்தின் ரோமம் எடை கூடி, விரலுக்குப் பிடி கொடுக்காமல் வழுக்கும். பந்து காயும்வரை சொடக்குக்காரனுக்கு ஓவர் கொடுக்காத கேப்டன், இயற்பியல் படிக்காவிட்டாலும் நல்ல கேப்டன்தான்.