ஓட்டு வந்தது, நிலம் வரவில்லை

1921-ல் சித்தூரும் திருப்பதியும் மதனப்பள்ளியும் சென்னை மாகாணத்து ஊர்கள். அந்த ஏப்ரலில் சென்னைச் சட்டமன்றம் பெண்களுக்கு ஓட்டுரிமை தரத் தீர்மானித்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதுவே முதல். அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் ஓட்டு கிடைத்து அப்போது எட்டு மாதம்கூட ஆகவில்லை.

அங்கே அது 72 ஆண்டுப் போராட்டம். 1848-ல் செனிகா ஃபால்ஸ் பெண்ணுரிமை மாநாட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 68 பெண்களில் 1920 வரை வாழ்ந்தவர் சார்லட் உட்வர்ட் ஒருவர்தான். அவரையும் உடல்நிலை ஓட்டுப்போட விடவில்லை.

இங்கே அந்தக் கோரிக்கையை எழுதியவர் மார்கரெட் கசின்ஸ். லண்டனிலும் அயர்லாந்திலும் ஓட்டுக்காகச் சிறை சென்றவர். இவருடைய கணவர் ஜேம்ஸ் மதனப்பள்ளிக் கல்லூரியின் முதல்வர். 1919-ல் தாகூர் அங்கே தங்கியபோது ‘ஜன கண மன’ பாட்டுக்கு இசைக்குறிப்பு எழுதியவர் என்றுதான் மார்கரெட்டை நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே இவர் செய்த காரியம் பெரிது. இந்தியாவுக்கு வந்த பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவிடம் பெண்கல்வி பற்றிப் பேச அனுமதி கேட்டார். அரசியல் கோரிக்கைகளுக்கு மட்டுமே நேரம் என்று பதில் வந்தது. அப்படியானால் ஓட்டுரிமையையே கேட்போம் என்று மனுவில் சேர்த்துவிட்டார். 1917 டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் தூதுக்குழு ஒன்று அந்த மனுவோடு சென்னையில் மாண்டேகுவைச் சந்தித்தது.

ஆனால் 1921-ல் கிடைத்த ஓட்டு சொத்து உள்ளவர்களுக்கு மட்டும். அப்பன் நிலம் அண்ணன் தம்பிக்குப் போகிற வீட்டில் பிறந்தவள் வாக்காளர் பட்டியலில் எப்படி ஏறுவாள்? அந்தச் சட்டத்தின் பெரிய அநியாயம் இதுதான் என்பேன். 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை கேட்டபோது தொட்டது இந்த முடிச்சைத்தான்.

வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்பதைக் குடியரசு தந்தது. நிலம் இன்னும் தாமதித்தது. திருப்பதியில் 1983-ல் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்தைத் தொடங்கிய என்.டி.ராமராவின் ஆந்திர அரசுதான், கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பிறப்புரிமை தரும் சட்டத்தையும் கொண்டுவந்தது. 1985 செப்டம்பர் 5 முதல் அது செல்லும். தமிழ்நாடு 1989-ல் பின்தொடர்ந்தது. இரண்டு சட்டமும் அதற்குமுன் மணமான மகள்களை ஒதுக்கின. 2005-ல் மத்தியச் சட்டம் அந்தத் தடையை நீக்கியது. அந்தச் சட்டம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

சட்டத்தில் இருந்த பெரிய ஓட்டைகள் அடைபட்டன. பத்திரப்பதிவு அலுவலகத்தில் இன்னும் ஓர் ஓட்டை இருக்கிறது. “சீர் செய்தாச்சே, கையெழுத்துப் போடும்மா” என்று அண்ணன் நீட்டுகிற விடுதலைப் பத்திரத்தில், பிறந்த வீட்டு உறவு அறுந்துபோகுமே என்ற பயத்தில் தங்கை இன்றும் கையெழுத்திடுகிறாள்.