சோறு போட்ட இரங்கல்

பத்திகொண்டா முகாமில் 1827 ஜூலை 6 இரவு காலராவில் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ கண்மூடியதோடு போன வாரம் நிறுத்தினோம். அவர் பதவி விலகக் கேட்டிருந்ததும், அடுத்த கவர்னர் வந்துசேருமுன் தம் பழைய சீமையிடம் விடைபெறப் போனதும் தொடரைப் படித்துவருபவர்களுக்கு நினைவிருக்கும்.

சென்னைத் தீவுத்திடலின் குதிரைச் சிலைக்கு இந்த வாரம் போவதாகச் சொல்லியிருந்தேன். வழியில் குத்திச் சத்திரம் குறுக்கிட்டது. அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

உடலை அன்றிரவே குத்திக்குக் கொண்டுபோய், மறுநாள் மலைக்கோட்டை அடிவாரத்தில் புதைத்தார்கள். செய்தி சென்னை வந்ததும் சிறப்பு கெஜட் வெளியானது. கோட்டைக் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. பதவியிலிருக்கும் கவர்னர் யார் இறந்தாலும் இவை நடக்கும் என்பதால், மன்றோவின் மேல் இருந்த அன்பை இவற்றால் அளக்க முடியாது. பிறகு பொதுக்கூட்டம் கூடி, வெள்ளையரும் இந்தியரும் சந்தா போட்டுச் சிலை வைப்பதாக முடிவெடுத்தார்கள். அந்தத் துக்கத்தைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சந்தாப் பட்டியலில் பெயர் எழுதுகிறவருக்கு அதை யார் படிப்பார்கள் என்பது தெரியும். அதனால்தான் பட்டியல் இல்லாத இடங்களைத் தேடிப் போகிறேன்.

பத்திகொண்டாவில் அவர் இறந்த இடத்துக்கு அருகே அரசாங்கம் தோப்பு வைத்தது. கல்லால் படிக்கட்டுக் கிணறு கட்டியது. குத்தியில் அவர் பெயரில் சத்திரம் எழுந்தது. வழிப்போக்கர்கள் தங்கலாம், அரசாங்கச் செலவில் சாப்பிடலாம். உள்ளே மன்றோவின் படம் மாட்டியிருந்தது.

இந்த வாரம் முழுவதும் எனக்கு இதே நினைப்புத்தான். கோட்டை தேவாலயத்துக்குள் போய்ப் பாருங்கள்: இறந்த அதிகாரிகளுக்குக் கம்பெனிக்காரர்கள் செய்ததெல்லாம் சலவைக்கல்லும் கல்வெட்டும்தான். குத்தியிலோ, நம் ஊரில் பெற்றவர் பெயரில் பிள்ளைகள் செய்யும் அறத்தையே ஒரு வெள்ளைக்கார கவர்னருக்கு அரசாங்கம் செய்தது. மழை பொய்த்துப் பொய்த்து வறண்ட சீமை அது. அங்கே நிழலும் தண்ணீரும் சோறும் கொடுப்பதைவிடப் பெரிய இரங்கல் என்ன இருக்க முடியும்? சிலையைப் பார்க்கத் தலையை நிமிர்த்த வேண்டும். சத்திரத்தில் இலை போட்டு உட்காரலாம். பசியோடு வந்தவர் மன்றோ யார் என்று தெரியாமலேகூடச் சாப்பிட்டுப் போயிருப்பார். 1831-இல் உடலைத் தோண்டியெடுத்துச் சென்னைக் கோட்டையின் செயின்ட் மேரி தேவாலயத்தில் மறுபடி அடக்கம் செய்தார்கள். குத்திக்கு மிஞ்சியது வெற்றுக் கல்லறையும் சத்திரமும்.

அந்தச் சீமைக்கு மட்டும் ஏன் இத்தனை ஒட்டுதல்? தீர்வையில் இருக்கிறது பதில். 1800-இல் நிஜாம் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த பெல்லாரி, கடப்பைப் பகுதிகளை ஏழாண்டு நிர்வகித்தவர் மன்றோ. குடியானவரிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை அங்கே வேரூன்றச் செய்தார். தாம் போட்ட தீர்வை கனம் என்பதை உணர்ந்து, கால் பங்கு குறைக்கும்படி 1807-இல் எழுதினார். மேலிடம் மறுத்தது. 1820-இல் தாமே கவர்னராக வந்ததும் அதை நிறைவேற்றினார். பதின்மூன்று வருஷம் ஒரு மனிதர் மனதில் வைத்திருந்து செய்த காரியம் இது. குடியானவர்கள் மறக்கவில்லை. ஆனால் அந்தச் சீமை முழுவதும் அழுதது என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். எண்பது பாளையக்காரர்களை ஒடுக்கியவரும் இதே மன்றோதான். கோட்டையும் மானியமும் பறிபோன வீடுகளில் அன்றிரவு யார் அழுதிருப்பார்கள்?

குடியானவர்களின் இரங்கல் எந்த கெஜட்டிலும் வரவில்லை, கதையாக வந்தது. பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்தார்கள். மந்த்ராலயத்தில் பிருந்தாவனத்திலிருந்து ராகவேந்திரர் எழுந்துவந்து மன்றோவிடம் மட்டும் பேசிய கதையை நம் வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. திருமலையில் நைவேத்தியப் பாத்திரம் ஒன்றுக்கு இன்றும் மன்றோ கங்காளம் என்று பெயர்.

இவை எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது கடப்பைப் பக்கத்துக் கண்டி. பாபாக்னி ஆறு மலையைப் பிளந்து வரும் இடம். இலங்கையிலிருந்து திரும்பும் ராமனை வரவேற்க வாயு பகவான் அங்கே மலைக்கு மலை பொன் தோரணம் கட்டினாராம். புண்ணியவான்களின் கண்ணுக்கு மட்டும், அதுவும் சாவு நெருங்கும்போது, அது தெரியும் என்பது ஊர் நம்பிக்கை. கடைசிப் பயணத்தில் மன்றோ அண்ணாந்து பார்த்து, அந்தத் தோரணத்தைக் கட்டியது யார் என்று கேட்டாராம். கூட இருந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. விஷயம் மட்டும் புரிந்துவிட்டது. அவர் இறந்தபின் முளைத்த கதையாகத்தான் இருக்கும். இருக்கட்டும். வரி வாங்க வந்த ஓர் அந்நியரை, அந்தத் தோரணத்தைக் காணும் தகுதியுள்ளவர் வரிசையில் சேர்த்திருக்கிறார்கள். சென்னைப் பொதுக்கூட்டத்தில் எந்தத் தீர்மானமும் இவ்வளவு தூரம் போயிருக்காது.

சிலை அடுத்த வாரம் கண்டிப்பாக. லண்டனில் பிரான்சிஸ் சாண்ட்ரி செய்த வெண்கலக் குதிரைக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. மன்றோ இறந்து 12 ஆண்டுகள் கழித்து, 1839-இல்தான் அது தீவுத்திடலில் ஏறியது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளிலிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)